யசோதாவின் வெள்ளிக்கிழமைகள்

பேனையை நீட்டிக்கொண்டு நின்றேன். கந்தசாமி அதை வாங்கவில்லை.

"இந்தக் கடுதாசியிலை கையெழுத்து வைச்சால், நீங்கள் மூண்டு பேரும் என்ன சொன்னாலும் நான் கேக்கவேணுமோ?"

"மூண்டு பேரும் வேண்டாம் அண்ணை. ரெண்டு பேர் ஒண்டாய்ச் சொன்னாலே காணும்."

"அப்ப அவவும் கேக்கவேணும்?"

"அவ முதலே வைச்சிட்டா. பாருங்கோ."

குனிந்து பார்த்தார். மனைவி தவமணியின் கையெழுத்து, எழுத்துக் கூட்டி எழுதியதுபோலப் பெரிதாக இருந்தது.

உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை அது. சனிக்கிழமை காலை. கரும்பலகையில் யாரோ எழுதிய வாய்ப்பாடு அழியாமல் கிடந்தது. நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டிருந்தோம். ஒரு பக்கம் தவமணி. மறுபக்கம் கந்தசாமியும் அவருடைய அக்கா மகேஸ்வரியும். கடைசி வாங்கில், சனிக்கிழமையிலும் வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியுமாக, கால்களை ஆட்டிக்கொண்டு எட்டு வயது யசோதா.

தவமணியும் கந்தசாமியும் யசோதாவும் ஒரு வீட்டில் இருந்தவர்கள்தான். இரண்டரை மாதமாகத் தாய் ஓரிடம், தகப்பனும் பிள்ளையும் ஓரிடம். பிள்ளை யாரோடு இருப்பது என்று முடிவு சொல்ல மூன்று பேர் வந்திருந்தோம். அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி!

கந்தசாமி பேனையை வாங்கினார்.

பூட்டிய நீதிமன்றம்

போன வாரம் வரைக்கும் இந்தத் தொடரைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எட்டு வருடம் தட்டச்சாளராக இருந்தவள். எத்தனையோ தீர்ப்புகளுக்கு நகல் அடித்திருக்கிறேன். ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை.

சண்டை முற்றி நீதிமன்றங்கள் பூட்டுப்பட்ட பிறகு, என் துரை, அந்தச் சட்டத்தரணி, கொழும்புக்குப் போய்விட்டார். தட்டச்சுப்பொறியைக் காவிக்கொண்டு போக முடியாது என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, உடுப்பிட்டிக்கு உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பதிவுக் கடிதம், விண்ணப்பம் என்று ஆட்கள் வருவார்கள். நாடா தேய்ந்து எழுத்து மங்கினால் தேங்காயெண்ணெய் தடவி ஒப்பேற்றுவேன்.

துரையின் கந்தோரில் ஒரு கோப்பு இருந்தது. பிள்ளை யாரிடம் வளர்வது என்று ஒரு தாயும் தகப்பனும் போட்ட வழக்கு. தவணைக்கு மேல் தவணை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தக் கோப்பு தலையணை அளவு இருந்தது. ஒருநாள் சேலை கட்டிய ஒரு பெண் வந்து அதன் நகல் கேட்டாள். "நீங்கள் ஆர்?" என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை நான்தான்" என்றாள்.

நீதிமன்றம் பூட்டினால் வழக்கு நிற்கும். வீட்டுச் சண்டை நிற்குமா? ஆட்கள் பள்ளிக்கூட அதிபரிடம் போனார்கள், கோயில் தர்மகர்த்தாவிடம் போனார்கள். போகப் பயமான இடங்களுக்கும் சிலர் போனார்கள். தவமணி என்னிடம் வந்தாள்.

புத்தூரிலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். கைவிரல்களில் செம்மண் காய்ந்திருந்தது. வெங்காயம் பிடுங்கிவிட்டு நேரே வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும்.

"அக்கா, ஒரு பெட்டிசம் அடிச்சுத் தரவேணும்."

"ஆருக்கு எழுதுறது?"

"அதைத்தான் உங்களிட்டைக் கேக்க வந்தனான்."

அவளுடைய கதை இதுதான். அவள் பெயரில் ஆறு பரப்புச் சீதனக் காணி. பாதியை விற்று வெளிநாடு போகக் கந்தசாமி நினைத்தார். எங்கள் தேசவழமைச் சட்டப்படி அப்படி ஒரு காணியை விற்க இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். தவமணி மாட்டேன் என்றாள். சண்டை வளர்ந்தது. ஒருநாள் அவள் தோட்டத்தால் வந்து பார்த்தபோது வீட்டில் பிள்ளையும் இல்லை, கந்தசாமியும் இல்லை. கொடிகாமத்தில் அக்கா வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம் தொடங்கிவிட்டார். கையெழுத்து வந்தால் பிள்ளை வரும் என்று ஆளனுப்பினார்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. என் துரையிடம் வியாபாரிகள் வருவார்கள். கூட்டு வியாபாரத்தில் பிணக்கு வந்தால் வழக்குப் போடாமல் மத்தியஸ்தத்துக்குப் போவார்கள். இந்தப் பக்கம் ஒரு நடுவர், அந்தப் பக்கம் ஒரு நடுவர், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளைத் தெரிவுசெய்வார்கள். மூவரில் இருவர் சொல்வது முடிவு. அந்த ஒப்பந்தத்தை எத்தனை தரம் அடித்திருப்பேன்! கடைக்குச் செய்கிறதைக் குடும்பத்துக்குச் செய்தால் என்ன?

கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். நின்றபடியே அவளுக்குச் சொன்னேன்.

தவமணி யோசிக்கவே இல்லை. "அப்ப என்ரை ஆள் நீங்கள்தான்" என்றாள்.

யாருக்கும் சொந்தமில்லாத ஆள்

கந்தசாமி ஒப்புக்கொள்ளமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒப்புக்கொண்டார். தன் பக்கத்துக்கு ஸ்ரேசன் மாஸ்ரர் சின்னத்துரையைப் பிடித்தார். ரெயில் ஓடாமல் விட்டு எவ்வளவோ காலம், அவரும் பென்சன் எடுத்துவிட்டார். ஆனாலும் எல்லோருக்கும் அவர் ஸ்ரேசன் மாஸ்ரர்தான். என்னைப் பார்க்கவென்று வீட்டுக்கு வந்தார்.

"நீரோ மற்ற ஆள்?"

"ஓம் ஐயா."

"கலியாணம் முடிச்சிட்டீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப புருசன் பெண்சாதிச் சண்டையைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"எட்டு வருசம் அதைத்தான் ரைப் பண்ணினனான் ஐயா."

பெரிதாகச் சிரித்தார். அதன்பிறகு எங்களுக்குள் பிசகில்லை.

மூன்றாவது ஆளைத் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நான் ஒரு பெயர் சொன்னால் அவர், "அது தவமணியின்ரை தாய்வழி" என்பார். அவர் ஒரு பெயர் சொன்னால் எனக்கு அந்த வீட்டுக்கும் கந்தசாமி வீட்டுக்கும் உள்ள சம்பந்தம் நினைவுக்கு வரும். ஒரு கிழமை இப்படியே சைக்கிளில் அலைந்தோம்.

கடைசியில் ரெஜினா மிஸ்ஸியிடம் போனோம். குருநகரில் கடற்தொழில் குடும்பத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தவர். இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்தார். கிறிஸ்தவ வேதக்காரர். எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் இந்த இரண்டு வீட்டுக்கும் அவர் சொந்தமில்லை.

மிஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் ஆரின்ரை ஆள்?" என்றார்.

"தவமணியின்ரை."

"இவர்?"

"கந்தசாமி அண்ணையின்ரை."

"அப்ப நான் வரமாட்டன். நீங்கள் ரெண்டு பேரும் அந்தப் பிள்ளையின்ரை ஆக்கள் எண்டால் வாறன்."

"ஓம் மிஸ்ஸி, ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தலையை மட்டும்தான் ஆட்டினேன். சனிக்கிழமை வருமுன்பே முழுத் தீர்ப்பையும் மனதுக்குள் அடித்து முடித்துவிட்டேன். பிள்ளை தாயிடம். தகப்பன் மாதத்தில் ஒரு நாள் வந்து பார்க்கலாம். வரிக்கு வரி தயார்.

ரீச்சரின் பெயர்

கையெழுத்து முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் பேசவிட்டோம். தவமணி அழாமல் பேசினாள். கந்தசாமி கத்தாமல் பேச முயன்று, நடுவில் கத்தினார். "நான் என்ன, குடிச்சுத் திரியவே காணியை விக்கச் சொன்னனான்? பிள்ளையைப் படிப்பிக்கத்தானே!" வானத்தில் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். அது கடல் பக்கமாகப் போனது. ஸ்ரேசன் மாஸ்ரர், "ம், சொல்லும்" என்றார்.

மிஸ்ஸி எழும்பிப் போய்க் கடைசி வாங்கில் யசோதாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அம்மாவிடம் விருப்பமா, அப்பாவிடம் விருப்பமா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"என்ன வகுப்பு ராசாத்தி?"

"மூண்டு."

"ரீச்சரின்ரை பெயர் என்ன?"

யசோதா காலாட்டுவதை நிறுத்தினாள்.

"சரி, பக்கத்திலை ஆர் இருக்கிறது?"

பிள்ளை மாமியைப் பார்த்தாள். மகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, பிள்ளையை விடுங்கோ. நான் சொல்லுறன். அவள் பள்ளிக்கூடம் போறேல்லை."

"என்ன விசர்க்கதை!" கந்தசாமி எழும்பிவிட்டார். "ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சட்டையோடை கண்டிட்டுத்தானே நான் சந்தைக்குப் போறனான்?"

"நீ சைக்கிள் ஏறி மறையுமட்டும் படலையிலை நிப்பாள் தம்பி. பிறகு உள்ளை வந்து சட்டையைக் கழட்டி மடிச்சு வைச்சிடுவாள். வந்த நாளிலை இருந்து இதுதான். விடுகைப் பத்திரம் இல்லாமல் சேர்க்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். அப்பாட்டைச் சொல்லுவம் எண்டன். இவள் என்ரை கையைப் பிடிச்சு அழுதாள். சொன்னால் அப்பா அம்மாவோடை சண்டைக்குப் போயிடுவாராம். நான்தான் புத்தூருக்கு ஆளனுப்பிப் பத்திரம் கேட்டுப் பாத்தனான். தரேல்லை."

ஸ்ரேசன் மாஸ்ரர் தவமணியின் பக்கம் திரும்பினார். "உமக்கு இது தெரியுமோ பிள்ளை?"

தவமணி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதிபரிட்டை நான்தான் சொன்னனான், குடுக்க வேண்டாம் எண்டு. பத்திரம் இல்லாட்டி அங்கை சேர்க்கமாட்டினம், இவர் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவார் எண்டு நினைச்சன்."

என்னுடைய ஆள்! எனக்கு இதைச் சொல்லவே இல்லை.

இரண்டரை மாதமாக ஒரு எட்டு வயதுப் பிள்ளை விடியற்காலையில் எழும்பி, தலை பின்னி, சீருடை போட்டு, பள்ளிக்கூடம் போகிறவள்போல நின்றிருக்கிறாள். தாயும் தகப்பனும் சண்டை பிடிக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக.

கந்தசாமி மெல்ல நடந்து போய்ப் பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்தார். அவளுடைய கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "காணிக் கதை வேண்டாம். இண்டைக்கும் வேண்டாம், இனியும் வேண்டாம்" என்றார்.

இரண்டுக்கு ஒன்று

எல்லோரையும் வெளியே வேப்பமரத்தடியில் இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் இருந்தோம். எனக்குப் பயம் பாதி. மிச்சப் பாதி, சொன்னால் வெட்கம், அவ்வளவு பெரிய உற்சாகம். அந்த அறைக்குள் நாங்கள் சொல்லப்போவது, திங்கட்கிழமை ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் நடக்கப்போகிறது. தவணை இல்லை, மேன்முறையீடு இல்லை.

"பிள்ளை தாயோடை. திங்கட்கிழமை புத்தூர்ப் பள்ளிக்கூடம்" என்றார் ஸ்ரேசன் மாஸ்ரர். கந்தசாமி பிடித்த ஆள் இதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "தகப்பன் அங்கை வந்து பாக்கட்டும்."

"வந்து பாக்கிறது எண்டால்?" என்றார் மிஸ்ஸி. "படலையிலை நிண்டு பாக்கிறதோ? ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிக்கூடம் விட்டாப்போலை கொடிகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடட்டும்."

"மிஸ்ஸி, கொடிகாமத்துக்குப் போற வழியிலை வண்ணாத்திப்பாலத்தைக் கண்டனீங்களோ? ரெண்டு பக்கமும் வெட்டவெளி. ஹெலி வந்தால் ஒளிக்க ஒரு பத்தையில்லை. அதாலையோ வாராவாரம் பிள்ளையை அனுப்பப் போறம்?" என்றார் ஸ்ரேசன் மாஸ்ரர்.

மிஸ்ஸி தன் சொல்லிலிருந்து இறங்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மனதுக்குள் அடித்து வைத்திருந்த தீர்ப்பு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மாதத்தில் ஒரு நாள்! எவ்வளவு சுலபமாக எழுதியிருந்தேன். படலையில் நின்ற பிள்ளை இருவரையும் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சுமந்தாள். ஒருவரை அவளிடமிருந்து எடுத்துவிட்டால், இன்னொரு பொய்யைச் சுமக்கத் தொடங்குவாள். ஆனால் அந்தப் பாலம்? ஸ்ரேசன் மாஸ்ரர் சொன்னது அத்தனையும் உண்மை.

யன்னலால் பார்த்தேன். வேப்பமரத்தடியில் யசோதா தாயின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தகப்பனின் பக்கம் போய், ஏறக்குறைய அதே அளவு நேரம் நின்றாள்.

"ஒவ்வொரு வெள்ளியும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஸ்ரேசன் மாஸ்ரர் பெருமூச்சு விட்டார். "சரி. ரெண்டுக்கு ஒண்டு. அடியும் பிள்ளை. நான் ஒப்பேல்லை எண்டும் அடியும்."

கொண்டுவந்திருந்த தட்டச்சுப்பொறியில் அப்படியே அடித்தேன். பிள்ளை மூலமாக ஒருவருக்கொருவர் எந்தச் செய்தியும் சொல்லி அனுப்பக்கூடாது என்று மிஸ்ஸி ஒரு வரி சேர்த்தார். காணியையும் பிள்ளையையும் ஒருபோதும் ஒன்றாக முடிச்சுப் போடக்கூடாது என்று நான் ஒரு வரி சேர்த்தேன். ஒப்பாத மனிதர்தான் முதல் கையெழுத்து வைத்தார்.

கந்தசாமி வாசிக்கக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். தவமணி என் முன்னால் வந்து நின்றாள்.

"வாராவாரம் அந்தப் பாலத்தாலையோ?"

"ஓம் தவமணி."

"என்ரை ஆள் எண்டெல்லோ உங்களைப் பிடிச்சனான்! இனி உங்களோடை எனக்குக் கதையில்லை."

கையெழுத்து வைத்தாள். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்கள்

திங்கட்கிழமை காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்தூருக்கு ஓடினேன். வீதிக்கு இந்தப் பக்கம், ஒரு கடை வாசலில் மறைந்து நின்று பார்த்தேன். கந்தசாமி பிள்ளையை முன் பாரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தவமணி பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். இருவரும் பேசவில்லை. பிள்ளையை நடுவில் விட்டு உள்ளே போனார்கள், இருவராகத் திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏன் தங்கச்சி சிரிக்கிறீர்?" என்று கேட்டார்.

ஆனால் வெள்ளிக்கிழமைகள் வந்தன. இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால், பாலத்தைத் தாண்ட எவ்வளவு நேரம், கொடிகாமத்துக்கு முன்னால் வரும் மீசாலைக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தபடி இருப்பேன். வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் விரல் பிழையான எழுத்தில் விழும்.

ஒரு வெள்ளி, கொடிகாமம் இருக்கும் தென்மராட்சிப் பக்கமிருந்து வந்த ஒருவர், பாலத்தடியில் ஹெலி சுட்டதாகச் சொன்னார். யாருக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அடித்துக்கொண்டிருந்த தாளைப் பொறியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். எப்படி மிதித்தேன், எந்த வழியால் போனேன், ஒன்றும் நினைவில்லை. "நான் சொன்னது, நான் சொன்னது" என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தவமணியின் படலை திறந்திருந்தது. முற்றத்தில், கவிழ்த்துப் போட்ட உரலின் மேல் கந்தசாமி இருந்தார். கையில் தேத்தண்ணி. பக்கத்தில் யசோதா பாயில் படுத்துக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாலத்துக்கு அங்காலை சத்தம் கேட்டது, தங்கச்சி. திருப்பிக்கொண்டு வந்திட்டன்" என்றார் கந்தசாமி. "இந்த முறை இங்கை நிக்கட்டும். என்ரை வெள்ளி போனால் போகட்டும்."

எந்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாரோ, அதே வீட்டுக்கு அவராகவே கொண்டுவந்து விட்டிருந்தார்.

படலைக் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குசினியிலிருந்து தவமணி வந்தாள். என்னைக் கண்டாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்னொரு குவளைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து, என் பக்கத்தில் மதிலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் திரும்பச் சேர்ந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. கந்தசாமி வெளிநாடு போகவும் இல்லை. அவர் வெள்ளிக்கிழமை வந்தார், ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாலத்தால் போக முடியாத கிழமைகளில் அதே முற்றத்தில் பிள்ளையோடு பகல் முழுக்க இருந்துவிட்டுப் போனார். தீர்ப்பில் நாங்கள் எழுதாத இடங்களை அவர்களே எழுதிக்கொண்டார்கள். காணியும் போகவில்லை.

தவமணி மட்டும் தன் சொல்லைக் காப்பாற்றினாள். சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்புவாள். ஒரு வருடம் ஓடியிருக்கும்.

ஒருநாள் காலை, நான் அறியாத ஒரு பெண் என் வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். இடுப்பில் ஒரு குழந்தை. அழுது வீங்கிய கண்கள்.

"ரைப்பிஸ்ற் அக்கா நீங்களோ?"

"ஓம். இருங்கோ. ஆர் அனுப்பினது?"

"புத்தூர்த் தவமணி அக்கா." கொஞ்சம் தயங்கினாள். "அவ உங்களோடை கதைக்கமாட்டாவாம். ஆனால் உங்களிட்டைத்தான் போகவேணும் எண்டு சொன்னவ."

தட்டச்சுப்பொறியில் ஒரு புதுத் தாளைச் செருகினேன்.